கனகபாய் சிஸ்டர் குரலில் ஒரு சொட்டு

ஒரு சொட்டு தொட்டு வைங்க மக்களே, ஒண்ணும் செய்யாது, பயப்படாண்டாம் கேட்டியளா. மறுபடியும் வந்துவிட்டது அந்தக் குரல். சங்கரேஸ்வரி இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். பொத்தினால் இன்னும் துலக்கமாகக் கேட்டது. நாகர்கோவில் பக்கத்துக் கனகபாய் சிஸ்டரின் குரல், சொல்லின் வாலைக் கொஞ்சம் தூக்கிப்பிடித்து அப்புறம் மெத்தென்று இறக்கி வைக்கும் அந்த இழுவை, நடுவில் தொண்டையைச் செருமிக்கொள்ளும் சின்ன நிறுத்தம், எல்லாம் அச்சு அசலாக. பெரியாஸ்பத்திரியில் பச்சிளங்குழந்தை வார்டுக்கு வெளியே போட்டிருந்த இரும்பு பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்தாள். சற்று முன்னால்தான் எக்ஸ்ரே மெஷினைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்கள். அதன் சக்கரம் ஒன்று கீச்சிட்டுக்கொண்டே போனது. வேறு நாளாக இருந்தால் அந்தக் கீச்சை அவள் பிடித்து வைத்திருப்பாள், சாயங்காலம் அக்காவிடம் செய்து காட்டியிருப்பாள். இப்போது அந்தச் சக்கரம் உள்ளே யாருக்காகப் போகிறது என்று அவளுக்குத் தெரியும். அக்கா பெற்ற பிள்ளைக்கு. மாதம் நிறையாமல் பிறந்து ஒரு கிலோ சீனிப் பொட்டலத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக மட்டும் கனக்கிற பாப்பாவுக்கு. அதன் வயிற்றைப் படம் பிடிக்க. ஒரு சொட்டு தொட்டு வைங்க மக்களே. இதைச் சொன்னது கனகபாய் சிஸ்டர் இல்லை. சிஸ்டர் இப்படி ஒரு சொல்லை வாயால் சொல்லவே மாட்டார். சிஸ்டரின் குரலை எடுத்துக்கொண்டு போனில் சொன்னது சங்கரேஸ்வரி. பன்னிரண்டாம் வகுப்பு, சாத்தூர், வாயைத் திறந்தால் ஊரே வந்து நிற்கும் சங்கரேஸ்வரி.

அந்த வயிறு. காலையில் கண்ணாடிக்கு இந்தப்பக்கம் நின்று பார்த்தபோது அது வேறு யாருடைய பிள்ளையோ என்றுதான் முதலில் நினைத்தாள். நேற்று வரை அந்த வயிறு இட்லி மாதிரி இருந்தது, மூச்சு விடும்போது நடுவில் பள்ளம் விழும். இன்றைக்குப் பள்ளம் இல்லை. மேலே எண்ணெய் தடவியது போல் ஒரு பளபளப்பு, தோலுக்குக் கீழே நீல நூலை ஓட விட்டது போல் நரம்பு. கால் இரண்டும் அவளுடைய மோதிர விரல் கனம்தான், அவை ஆடவில்லை. வாய் வழியாக வயிற்றுக்குப் போகிற அந்த மெல்லிய குழாய், பால் ஏறுகிற குழாய், அதை ஒரு சின்ன பாட்டிலுக்குள் இறக்கி விட்டிருந்தார்கள். பாட்டிலில் கீரை வடித்த தண்ணீர் நிறத்தில் என்னவோ இருந்தது. பச்சை. பாலைக் குடிக்கிற பிள்ளைக்குள்ளிருந்து பச்சை எப்படி வரும். உள்ளே இருந்த சின்ன நர்ஸ் ஒருத்தி இவளைப் பார்த்துவிட்டுத் திரையை இழுத்தாள். திரையில் யானைப் படம் போட்டிருந்தது, யானை பலூன் பிடித்திருந்தது, பலூன் பளபளவென்று இருந்தது, அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

எல்லாம் முன்னமே சொல்லிவிட்டார் அந்த மனிதர். அதுதான் இப்போது நெஞ்சில் வந்து குத்துகிறது. டாக்டர் வைரவநாதன், ஒல்லியானவர், எதைச் சொன்னாலும் காற்றில் விரலால் கோடு போட்டுக்கொண்டே சொல்வார், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் அதாவது, அதாவது. பாப்பா பிறந்த மறுநாள் அவளையும் அத்தையையும் நிற்க வைத்துச் சொன்னார். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் தாய்மார் அறையில் இருபது பெட் பொம்பளைகளுக்கும் அதை அப்படியே நடித்துக் காட்டினாள் சங்கரேஸ்வரி. அதாவதும்மா, குடல்னு ஒண்ணு இருக்கு, முழுசா இருக்கு, ஆனா அது இன்னும் வேலை கத்துக்கலை. அதாவது, வயித்துக்குள்ள இருக்கும்போதே பிள்ளை பன்னீர்க்குடத் தண்ணியக் குடிச்சுக் குடிச்சுப் பழகும், அது ஒரு ஒத்திகை மாதிரி, கடைசி மாசங்கள்லதான் குடல் மளமளன்னு நீளும், மேல இருந்து கீழ வரைக்கும் அலை அலையா நெளியப் படிக்கும். இந்தப் பிள்ளை அந்த ஒத்திகைய முடிக்கிறதுக்கு முன்னாடியே மேடைக்கு வந்திருச்சு. ஒரு நெளி இங்க, ஒரு நெளி அங்க, ஒண்ணுக்கொண்ணு சேராது. உறிஞ்சணும், முழுங்கணும், மூச்சு விடணும், மூணையும் சேத்துச் செய்யத் தெரியாது, அதனாலதான் குழாய். அதாவது, குடலோட உள்சுவரு இன்னும் நெருக்கமா நெய்யாத துணி மாதிரி, கிருமி போச்சுன்னா இடுக்குல புகுந்துரும். அதனால தாய்ப்பால் தவிர ஒரு துளி, ஒரே ஒரு துளி, வேற எதுவும் வாயில படக்கூடாது. பொம்பளைகள் வயிற்றுத் தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அடியே, அவரு விரல ஆட்டுறத மறுபடி செய்யி என்றார்கள். செய்தாள். காற்றில் குடலை வரைந்து வரைந்து செய்தாள். ஒவ்வொரு சொல்லும் வாய்க்குள் வந்து போயிற்று, ஒன்றும் காதுக்குள் போகவில்லை. இப்போது, இந்த பெஞ்சில், யாரும் சிரிக்காத நேரத்தில், ஒவ்வொன்றாக அர்த்தத்தோடு திரும்பி வருகிறது. நெருக்கமா நெய்யாத துணி. இடுக்குல புகுந்துரும். ஒரே ஒரு துளி.

அக்கா எப்போதும் அப்படித்தான் கேட்பாள். அக்கா தங்கமாரிக்குப் பிரஷர் ஏறி, கண் இருட்டி, அவசரமாக அறுத்துப் பிள்ளையை எடுத்தார்கள். முதல் சில நாள் எழுந்து நடக்க விடவில்லை. அதனால் வார்டில் டாக்டர் என்ன சொன்னாலும் தங்கச்சிதான் ஓடிவந்து சொல்ல வேண்டும். சும்மா சொன்னால் அக்காவுக்கு ஆகாது. அவரு மாதிரியே சொல்லுடி என்பாள். அவர் குரலில் சொன்னால்தான் அவளுக்கு அது நிஜம். கடைசியில் சிரித்துவிட்டு, சிரித்த கையோடு தையலைப் பிடித்துக்கொண்டு அழுவாள். சங்கரேஸ்வரிக்கு அது ஒரு பெருமை. வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் அவளுக்கென்று ஒரு மரியாதை இருந்தது என்றால் இதுதான். ஹெட்மிஸ்ட்ரஸ் குரலில் மைக்கில் லீவு விட்டிருக்கிறாள். மாமா கண்டக்டராகப் போகிற பஸ்ஸில் பின்னாலிருந்து மாமா குரலிலேயே டிக்கெட் டிக்கெட் என்று கத்தி, மாமாவையே திரும்பிப் பார்க்க வைத்திருக்கிறாள். குரல் என்பது அவளுக்குக் கொடியில் காய்கிற சட்டை. யாருடையதாக இருந்தாலும் எடுத்து மாட்டிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பக் கொடியில் போட்டுவிடலாம். போட்டுவிட்டால் தீர்ந்தது. தீராமல் போன சட்டை இது ஒன்றுதான். கழற்ற வரவில்லை. தொண்டையில் ஒட்டிக்கொண்டு, கேட்டியளா, கேட்டியளா.

சேனை, சேனை என்று அத்தை நச்சரித்ததில்தான் ஆரம்பித்தது. அத்தை என்றால் அக்காவின் மாமியார், குருவம்மா. பிறந்த பிள்ளையின் நாக்கில் சீனித் தண்ணியோ தேனோ முதல் சொட்டு யார் தொட்டு வைக்கிறார்களோ அவர்கள் குணம்தான் பிள்ளைக்கு வரும் என்பது அவர்கள் பக்கத்துப் பேச்சு. நல்ல குணமுள்ள ஆளாகப் பார்த்து வைக்கச் சொல்வார்கள். சேனை வைக்காத பிள்ளை, குணமே இல்லாமல் கிடக்குதே என்று அத்தைக்கு மனசு ஆறவில்லை. கூஜாவில் மலைத்தேன் கொண்டுவந்திருந்தாள். கனகபாய் சிஸ்டரிடம் போய்க் கேட்டாள், துரத்திவிட்டார். மறுநாள் முறுக்கு கொடுத்துவிட்டுக் கேட்டாள், முறுக்கை வாங்கிக்கொண்டு துரத்திவிட்டார். ஆனால் சங்கரேஸ்வரி மட்டும் கிட்டே வரக்கூடாது என்பதில் அத்தை கறாராக இருந்தாள். இவ சேனை வச்சா பிள்ளை நாளைக்குப் பெத்த தாயவே கேலி பண்ணும். எல்லாரும் சிரித்தார்கள், சங்கரேஸ்வரியும்தான். உள்ளுக்குள் ஒரு ஓரத்தில் சுருக்கென்றது. ஏன், வந்தால் என்ன, என் குணம் வந்தால் பிள்ளை கெட்டா போகும். அந்தச் சுருக்குதானோ. இல்லை, அதெல்லாம் இல்லை, சும்மா விளையாட்டு. பக்கத்து பெட்காரி போனை இரவல் வாங்கி, மாடிப்படிக்குக் கீழே நின்றுகொண்டு, அத்தையின் பட்டன் போனுக்கு அடித்தாள். மூக்கை லேசாக அடைத்து, தொண்டையைச் செருமி. குருவம்மா தானே, வார்டுல இருந்து கனகபாய் பேசுதேன் கேட்டியளா. நிய கேட்டத பெரிய டாக்டர்ட்ட சொன்னேன். ஒரு சொட்டு தொட்டு வைங்க மக்களே, ஒண்ணும் செய்யாது, பயப்படாண்டாம். அத்தை அந்தப்பக்கம் தாயீ, மகராசி என்று உருகினாள். போனை வைத்திருக்கலாம். அத்தோடு வைத்திருந்தால் அத்தை நேரே தேனைத் தூக்கிக்கொண்டு நர்ஸ் மேசைக்குப் போயிருப்பாள், அசல் கனகபாய் கிழித்துத் தோரணம் கட்டியிருப்பார், இவள் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்துச் சிரித்திருப்பாள். அதற்காகத்தான் செய்ததே. ஆனால் குரல் நன்றாக உட்கார்ந்துவிட்டது. உட்கார்ந்துவிட்டால் அவளுக்கு விட மனசு வராது, இன்னும் ஒரு மெருகு, ஒரே ஒரு மெருகு. அதனால் அடங்கிய குரலில் சொன்னாள், நான் சொன்னேன்னு ஆருட்டயும் சொல்லாண்டாம், மத்த சிஸ்டர்மாருக்குத் தெரிஞ்சா எனக்க வேலைக்கு ஆபத்தாக்கும்.

அந்த மெருகு. அந்த மெருகை இப்போது வாயில் கையை விட்டு உருவி எடுக்க முடிந்தால். அது இல்லாவிட்டால் அத்தை கேட்டிருப்பாள், ஊரறிய வைத்திருப்பாள், தடுத்திருப்பார்கள். அது இருந்ததால் அத்தை நம்பினாள், ஒளித்தாள். சொல்லிச் சிரிக்கத்தான் படிக்குக் கீழேயிருந்து ஓடிவந்தாள் சங்கரேஸ்வரி. நிஜமாகத்தான். தாய்மார் அறை வாசலில் நுழைந்தபோது அக்கா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள், கையில் சின்ன கப். ஈசு, இங்க பாருடி. கப்பின் அடியில் மஞ்சளாக, கெட்டியாக, கண்ணீர்த் துளி அளவுக்குக் கொஞ்சம் பால். அத்தனை நாள் பிழிந்து பிழிந்து வராதது. பக்கத்து பெட்காரி குலவை போட்டாள். யாரோ சீனி கொடுத்தார்கள். அந்தக் கப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சிந்தாமல், மூச்சுகூட விடாமல் வார்டு வரைக்கும் நடந்தது சங்கரேஸ்வரிதான். வழியில் லிப்ட்காரர் வழக்கம்போல அஞ்சாவது மாடி, குழந்தை மாடி, குறுக்கே நிக்காதே என்று ராகம் போட்டார். அவள் பதிலுக்கு ராகம் போடவில்லை. சிந்திவிடுமே. அந்த நடையில் மறந்தது. மறந்தே போயிற்று. இப்படியும் ஒன்று மறக்குமா. மறந்தது. அன்றைக்குச் சாயங்காலமே பிள்ளையை நெஞ்சோடு போட்டு வைத்துக்கொள்ளும் முறை அத்தைக்கு வந்தது. தாயால் முடியாதபோது வீட்டுப் பொம்பளை ஒருத்தி சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, ரவிக்கைக்குள் பிள்ளையை ஒட்ட வைத்துச் சூடு கொடுப்பாள். சுற்றி மறைப்பு. அத்தை தேனில் தோய்த்த பஞ்சை முந்தானையில் முடிந்து கொண்டுபோயிருந்தாள். மறைப்புக்கு வெளியே நின்று அத்தையின் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தது யார். சங்கரேஸ்வரி. அத்தை மூக்குறிஞ்சுகிறதைப் பழகிப் பார்த்துக்கொண்டிருந்தது யார்.

காலையில் தண்ணீர்க் குழாயடியில் வைத்துத்தான் அத்தை சொன்னாள். வயிறு வீங்கிப்போச்சு, பால நிப்பாட்டிட்டோம் என்று சிஸ்டர் வந்து சொல்லிவிட்டுப் போன பிறகு. முகத்தைக் கழுவிக்கொண்டே, யாருக்கோ சொல்கிற மாதிரி, சேனை வச்ச மறுநாளே கண்ணு பட்டுருச்சு பாரு என்றாள். சங்கரேஸ்வரிக்குக் கேட்டது, கேட்டது போய் எங்கேயோ தட்டி நின்றது. என்னத்த வச்சீக. சேனைடி, ஒரு சொட்டுத்தான், நாக்க நீட்டி நீட்டிச் சப்புச்சு, எம்புட்டு ஆசையாச் சப்புச்சுங்கிற, நீ யார்ட்டயும் மூச்சு விட்றாத, பாவம் அந்தச் சிஸ்டர் நம்மளுக்காக மனசு எரங்குனாக. குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அதை மூட வேண்டும் என்று தோன்றியது, கை போகவில்லை. காலுக்குக் கீழே தரை இருக்கிறதா என்று பார்த்தாள், இருந்தது, அவளுடைய செருப்பு இருந்தது, செருப்பில் கால் இருந்தது, கால் யாருடையதோ. சிரிப்புத்தான் முதலில் வந்தது. அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. ஹி என்று ஒரு சத்தம், அவளுடையது, பழக்கத்தில் வந்துவிட்டது. அத்தை திரும்பிப் பார்த்து, என்னடி சிரிக்கிற என்றாள். அதிலிருந்து அவள் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் யார் குரல் வருமோ. நாக்க நீட்டி நீட்டிச் சப்புச்சு. மூணையும் சேத்துச் செய்யத் தெரியாதுன்னாரே, சப்பத் தெரியாத பிள்ளை சப்பியிருக்கிறது, ஆசையாக, நம்பி. அந்தச் சொட்டு குழாயைச் சுற்றிக்கொண்டு இறங்கியிருக்கும், நெளியத் தெரியாத குடலில், ஒரு நெளி இங்கே, ஒரு நெளி அங்கே, எங்கேயோ நின்றிருக்கும். கிருமி இடுக்குல. இல்லை, ஒரு சொட்டு என்ன செய்யும், ஊரில் எல்லாப் பிள்ளைக்கும் வைத்தார்களே, எனக்கும்தானே வைத்தார்கள், நான் செத்தா போனேன். நீ ஒன்பது மாதம் ஒத்திகை பார்த்தவள். அது பார்க்கவில்லை.

யாருக்கும் தெரியாது. இந்த நினைப்பு பெஞ்சில் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது, நல்ல பிள்ளை மாதிரி. அத்தை சொல்ல மாட்டாள், சிஸ்டரைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு கடைசி வரை சொல்ல மாட்டாள். பக்கத்து பெட்காரி டிஸ்சார்ஜ் ஆகிப் போய்விட்டாள், போனும் போயிற்று. பேசாமல் இருந்தால் போதும். பேசாமல் இருப்பதுதான் அவளுக்கு வராதது, ஆனால் பழகிக்கொள்ளலாம். அக்கா. அக்காவை நினைக்கக் கூடாது என்றுதான் இவ்வளவு நேரமும் எக்ஸ்ரே சக்கரத்தையும் லிப்ட்காரரையும் நினைத்துக்கொண்டிருந்தாள். காலையில் அக்காவிடம் சொல்லப் போனபோது அறைக்குள் ஏற்கெனவே செய்தி வந்துவிட்டிருந்தது. பால் சேரலை போல என்றாள் ஒருத்தி. கருவாடு தின்னியா என்றாள் ஒருத்தி. பிரஷர் மாத்திரை பால்ல எறங்கும்ல என்றாள் இன்னொருத்தி. அக்கா எழுந்தாள். விடியற்காலை பிழிந்து வைத்திருந்த பாலை எடுத்துக்கொண்டு போய் வாஷ்பேசினில் கவிழ்த்தாள். குழாயைத் திறந்துவிட்டாள். கப்பை விம் போட்டுக் கழுவினாள், திரும்பக் கழுவினாள், விரல் விட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள், விஷம் இருந்த பாத்திரத்தைக் கழுவுகிற மாதிரி. என் பாலுதான் ஈசு, அதுக்கு ஆகல, என் ஒடம்பே அதுக்கு ஆகல, முன்னாடி வெளிய தள்ளுச்சு, இப்ப வயித்த ஊத வைக்குது. அவள் நைட்டியின் முன்பக்கம் இரண்டு வட்டமாக நனைந்து பரவியது. பிழிய மாட்டேன் என்றுவிட்டாள். சிஸ்டர் வந்து சொல்லியும் பிழியவில்லை. கட்டிக்கிட்டு வலிக்கட்டும் என்றாள். சங்கரேஸ்வரி வாசலிலேயே நின்றாள். சொல்லியிருக்கலாம். அங்கேயே, அப்போதே. இல்லக்கா என்ற ஒரு சொல் நாக்கு நுனி வரை வந்தது, எந்தக் குரலில் என்று தேடியது, திரும்பிப் போயிற்று.

கீச்சுச் சக்கரம் வெளியே வந்தது. பின்னாலேயே டாக்டர் வைரவநாதன், கையில் அந்தக் கறுப்புப் படம். அவர் பின்னால் கனகபாய் சிஸ்டர், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு. குருவம்மா எங்கிருந்தோ ஓடிவந்து முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சங்கரேஸ்வரி எழுந்தாள். டாக்டர் படத்தை வெளிச்சத்துக்குப் பிடித்து விரலால் கோடு போட்டார். இப்போது அந்த விரல் நடிப்பதற்கான விரல் இல்லை. குடல் வீங்கியிருக்கு, உள்ளே காத்து அடைச்சிருக்கு, ஆனா இதுவரைக்கும் எங்கயும் ஓட்டை விழலை, அதாவது அது ஒண்ணுதான் இப்ப நல்ல செய்தி என்றார். ஓட்டை விழுந்தால் ஆபரேஷன். விழாமல் இருக்க வயிற்றுக்கு ஓய்வு, மருந்து, சாயங்காலம் திரும்ப ஒரு படம். அப்புறம் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, சாதாரணமாக, எல்லாரிடமும் கேட்கிற மாதிரிக் கேட்டார்.

"வாயில வேற ஏதாவது குடுத்தீங்களா? சீனித் தண்ணி, தேன், கழுதைப்பால், எதுவா இருந்தாலும் சொல்லிருங்க. திட்ட மாட்டேன். தெரிஞ்சா மருந்து அதுக்கேத்த மாதிரி பாக்கணும்."

அத்தை கனகபாய் சிஸ்டரைப் பார்த்தாள். அந்தப் பார்வையைச் சங்கரேஸ்வரி சாகும்வரை மறக்க மாட்டாள். உன்னைக் காட்டிக்கொடுக்க மாட்டேன் தாயீ என்கிற பார்வை. கனகபாய் சிஸ்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை, என்ன பாக்கிய என்று புருவத்தைச் சுருக்கினார்.

"ஒண்ணும் குடுக்கலை ஐயா. தாய்ப்பாலு மட்டுந்தான்," என்றாள் அத்தை.

டாக்டர் தலையசைத்தார். அப்படின்னா அந்தப் பாலைப் பாக்கணும், அம்மாவோட மாத்திரையையும் பாக்கணும், அதுவரைக்கும் அவங்க பால் வேண்டாம் என்று சிஸ்டரிடம் திரும்பினார். அவ்வளவுதான். எல்லாம் எவ்வளவு சுலபமாக முடிகிறது. கதவு திறந்தது, உள்ளே மானிட்டர்கள் டிங் டிங் என்று அவரவர் பாட்டுக்கு அடித்தன, ஏசிக் காற்றும் கை கழுவும் மருந்து வாசனையும் வெளியே வந்தன, இன்னும் ஒரு எட்டு வைத்தால் டாக்டர் உள்ளே போய்விடுவார், கதவு மூடிவிடும், அக்காவின் பால் குற்றவாளியாகிவிடும், அக்கா கப்பைக் கழுவிக்கொண்டே இருப்பாள், வாழ்நாள் பூராவும்.

"தேன் வச்சாங்க," என்றாள் சங்கரேஸ்வரி. "அத்தை தேன் வச்சாங்க. நான்தான் வைக்கச் சொன்னேன். சிஸ்டர் மாதிரி போன்ல பேசி."

அத்தை சிரிக்கப் பார்த்தாள், சிரிப்பு வரவில்லை. ஐயா, இது விளையாட்டுப் பிள்ள, எதையாவது சொல்லிக்கிட்டே கெடக்கும், நம்பாதீக என்றாள். டாக்டர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் நம்பவில்லை, பதினேழு வயசு, பயந்த பிள்ளை, யாரையோ காப்பாற்றச் சொல்கிறது என்று அவர் முகத்தில் ஓடியது.

"எங்கிட்ட பேசுனது சிஸ்டருதான். எனக்குக் குரல் தெரியாதா?" என்று அத்தையே கடைசியில் வாய்விட்டுவிட்டாள், விட்ட பிறகு கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கனகபாய் சிஸ்டரின் முகம் வெளுத்தது. நானா என்று ஒரு சொல், காற்று மட்டும் வந்தது. டாக்டர் மெதுவாக அவர் பக்கம் திரும்பினார்.

செய்து காட்ட வேண்டும். அதைத் தவிர வழி இல்லை. இவ்வளவு நேரமும் நிறுத்த முடியாமல் உள்ளே ஓடிக்கொண்டிருந்த குரல் இப்போது கூப்பிட்டால் வருமா. சங்கரேஸ்வரி மூக்கை லேசாக அடைத்தாள். தொண்டையைச் செருமினாள். கண்ணை மூடிக்கொள்ள வேண்டும் போலிருந்தது, மூடவில்லை, சிஸ்டரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"குருவம்மா தானே, வார்டுல இருந்து கனகபாய் பேசுதேன் கேட்டியளா. ஒரு சொட்டு தொட்டு வைங்க மக்களே. ஒண்ணும் செய்யாது, பயப்படாண்டாம். நான் சொன்னேன்னு ஆருட்டயும் சொல்லாண்டாம், எனக்க வேலைக்கு ஆபத்தாக்கும்."

வழியில் டிரிப் ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டு போன ஆள் நின்றுவிட்டான். கனகபாய் சிஸ்டர் தன் தொண்டையில் கை வைத்துப் பார்த்துக்கொண்டார், அது அங்கேதான் இருக்கிறதா என்பது போல. அத்தை அப்படியே சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தாள். யாரும் சிரிக்கவில்லை. இவ்வளவு அச்சாக அவள் யாரையும் செய்ததில்லை, யாரும் சிரிக்கவில்லை. சிஸ்டர் கிட்டே வந்தார். அடிக்கப் போகிறார் என்று சங்கரேஸ்வரி நினைத்தாள், அடித்தால் தேவலை. சிஸ்டர் அவளைத் தாண்டிப் போய் அத்தை முன்னால் குனிந்து, எப்ப வச்சிய, எவ்வளவு வச்சிய, விரல்லயா பஞ்சிலயா, தேன் மிச்சம் இருக்கா என்று கேட்டார். கேட்ட குரலும் அதே குரல்தான். ஆனால் ஒரு சொல்கூட அவள் செய்தது போல் இல்லை. அத்தை முந்தானை முடிச்சை அவிழ்த்துக் கூஜா வைத்திருந்த பெட்டியின் சாவியைக் கொடுத்தாள். டாக்டர் உள்ளே யாரையோ கூப்பிட்டு மருந்தின் பேரைச் சொல்லிக்கொண்டே போனார், கதவருகில் நின்று, திரும்பி, இதனாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாதும்மா, ஒண்ணுமே குடுக்காத பிள்ளைக்கும் இந்த வயசுல இப்படி வரும் என்றார். இந்த முறை அதாவது என்று ஆரம்பிக்கவில்லை. அம்மாவை விடாமல் பால் எடுத்து வைக்கச் சொல்லு, குடல் ஆறினதும் அதுக்கு முதல்ல அந்தப் பால்தான் வேணும் என்றார். கதவு மூடியது.

சிஸ்டர் தேன் கூஜாவோடு திரும்பி வந்தபோது சங்கரேஸ்வரி இன்னும் நின்ற இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். சிஸ்டர் அவளைப் பார்க்கவில்லை. உள்ளே போகும்போது மட்டும், கதவைப் பார்த்துக்கொண்டு, எனக்கு ரெண்டு பிள்ளை இருக்கு கேட்டியா, இந்த வேலைதான் அதுகளுக்குச் சோறு என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

லிப்ட்டுக்கு நிற்காமல் படியில் இறங்கினாள். படி ஒவ்வொன்றும் அவள் காலைத் தேடிவந்து வாங்கிக்கொண்டது. கூடவே குரல்கள் இறங்கி வந்தன, ஹெட்மிஸ்ட்ரஸ், மாமா, லிப்ட்காரர், டாக்டர், ஆளாளுக்கு நான் சொல்றேன் நான் சொல்றேன் என்று. டாக்டர் குரலில் சொன்னால் அக்கா நம்புவாள். டாக்டர் குரலில் சொன்னால் நான்தான் என்கிற இடத்தை அவர் வாய்க்குள் ஒளித்துவிடலாம், யாரோ ஒருத்தர் தெரியாமல் வைத்துவிட்டார்களாம் என்று மழுப்பிவிடலாம். பால் தப்பித்துவிடும், அவளும் தப்பித்துவிடுவாள். நல்ல யோசனைதான். படியின் கடைசித் திருப்பத்தில் அதையும் ஒத்திகை பார்த்தாள், அதாவதும்மா, பால்ல ஒரு கோளாறும் இல்ல. அழகாக வந்தது. சாயங்காலப் படம். ஓட்டை விழுந்திருந்தால். அதற்குள் அக்கா பால் எடுத்து வைத்திருக்க வேண்டும், கப்பில், சிந்தாமல்.

தாய்மார் அறையில் மத்தியானத் தூக்கம். தங்கமாரி மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையையும் மார்புக்குக் குறுக்கே கட்டி அழுத்திப் பிடித்திருந்தாள், வலியில் உதடு காய்ந்திருந்தது. காலடி கேட்டதும் திரும்பாமலே தெரிந்துகொண்டாள்.

"டாக்டர் என்னடி சொன்னாரு? அவரு மாதிரியே சொல்லு."

சங்கரேஸ்வரி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். ஜன்னல் கட்டையில் கவிழ்த்து வைத்திருந்த கப்பை எடுத்து நிமிர்த்தி, அக்காவின் மடியில் வைத்தாள். வாயைத் திறந்தாள். டாக்டர் வந்து தயாராக நின்றார். அவரைப் போகச் சொன்னாள். ஏதோ கரகரத்தது, உடைந்தது, பிறகு வந்தது, சின்னதாக, மேலும் கீழும் இல்லாமல்.

"ஒன் பால்ல ஒரு குத்தமும் இல்லக்கா. பாப்பாவுக்கு அதுதான் வேணும். நான்தான் பண்ணிட்டேன்."

தங்கமாரி சட்டென்று திரும்பினாள். சொன்னது இன்னும் அவளுக்குள் இறங்கவில்லை. நெற்றியைச் சுருக்கித் தங்கச்சியின் வாயையே பார்த்தாள், தெரிந்த ஆட்களையெல்லாம் ஒவ்வொருவராக மனசுக்குள் தேடிப் பார்ப்பது போல.

"இது யாரு மாதிரிடி?" என்றாள்.